மேற்கு ஐரோப்பியக் கடற்கரையோரம் ஒரு கப்பல் பயணம்: பணி ஓய்வு பெற்ற தம்பதியர் கேட்கும் கேள்விகள்

லண்டனிலோ ஆம்ஸ்டர்டாமிலோ இருக்கும் மகன், மகள் வீட்டுக்குப் போகும் சென்னைப் பெற்றோர் பலர், அங்கிருந்து ஒரு கப்பல் பயணத்தையும் சேர்த்துக்கொள்ள விரும்புகிறார்கள். நானும் என் மனைவியும் அந்த வழியில் சென்று வந்தவர்கள் என்பதால், நடைப்பயிற்சிப் பூங்காவிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் இது குறித்துக் கேள்விகள் வந்தவண்ணம் இருக்கின்றன. அடிக்கடி கேட்கப்பட்டவற்றுக்கான பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்தக் கப்பல்கள் எங்கிருந்து புறப்பட்டு எங்கே செல்கின்றன?

பெரும்பாலானவை இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனிலிருந்து புறப்படுகின்றன. பிரான்சின் லு ஹாவ்ர், ஸ்பெயினின் பில்பாவோ, லா கொருன்யா, வீகோ, போர்ச்சுகலின் லெய்ஷோய்ஸ் (போர்த்தோ நகருக்கான துறைமுகம்), லிஸ்பன், மறுபடியும் ஸ்பெயினின் காடிஸ் ஆகியவற்றுள் நான்கைந்து துறைமுகங்களைத் தொட்டுவிட்டுச் சவுத்தாம்ப்டனுக்கே திரும்புகின்றன. சில கப்பல்கள் ஜிப்ரால்டரைக் கடந்து பார்சிலோனாவில் பயணத்தை முடித்துக்கொள்கின்றன. சில ஆம்ஸ்டர்டாமில் தொடங்கி, பெல்ஜியத்தின் ஸேப்ருக வழியாகத் தெற்கே இறங்குகின்றன. சவுத்தாம்ப்டனிலேயே தொடங்கி அங்கேயே முடியும் பயணத்தில் விமான டிக்கெட் ஏற்பாடு எளிது. பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தால் இன்னும் எளிது.

எந்தக் கப்பல் நல்ல கப்பல்?

எல்லோரும் முதலில் கேட்பது இதுதான். ஆனால் எங்கள் வயதில் முதலில் பார்க்க வேண்டியது கப்பலை அல்ல, அது நிற்கும் துறைமுகங்களை. நீச்சல்குளம், நாடக அரங்கு, பலவகை உணவகங்கள் ஆகியவை இன்று எல்லாப் பெரிய கப்பல்களிலும் இருக்கின்றன. கப்பல் கரையைத் தொடும் இடத்துக்கும் நாம் பார்க்க விரும்பும் ஊருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்பதில்தான் பயணத்தின் சுகமும் களைப்பும் அடங்கியிருக்கின்றன, விளம்பரப் பிரசுரங்கள் இதைத்தான் நாசூக்காக மறைக்கின்றன.

எடுத்துக்காட்டாக, பயணத் திட்டத்தில் ‘பாரிஸ்’ என்று அச்சிட்டிருப்பார்கள். கப்பல் நிற்பதோ லு ஹாவ்ரில். அங்கிருந்து பாரிஸ் ஏறத்தாழ 200 கிலோமீட்டர். போக இரண்டரை மணி நேரம், வர இரண்டரை மணி நேரம் பேருந்தில் அமர்ந்திருந்துவிட்டு, ஈஃபில் கோபுரத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்துத் திரும்புவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். பாரிஸைத் தனியாக வேறொரு முறை பார்த்துக்கொள்ளலாம். லு ஹாவ்ரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், சேன் நதியின் கழிமுகத்தைத் தாண்டும் நார்மண்டிப் பாலத்துக்கு அப்பால் ஓன்ஃப்ளூர் என்ற பழைய துறைமுக ஊர் இருக்கிறது. ஒரு பகல் பொழுதுக்கு அது போதும். அங்கும் போக மனமில்லாதவர்கள் லு ஹாவ்ரிலேயே நடக்கலாம். இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சால் தரைமட்டமான அந்த நகர மையத்தை ஓகுஸ்ட் பெரே என்ற கட்டடக் கலைஞரின் தலைமையில் கான்கிரீட்டால் மீண்டும் எழுப்பினார்கள். 2005இல் அது யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றது.

இதற்கு நேர்மாறானது லா கொருன்யா. கப்பல் ஊரின் நடுவிலேயே வந்து நிற்கிறது. இறங்கிச் சாலையைக் கடந்தால், கடல் காற்றைத் தடுப்பதற்காக வெள்ளை மரச் சட்டமிட்ட கண்ணாடி மாடங்களை முகப்பு முழுவதும் பொருத்திய வீடுகள் வரிசையாக நிற்பதைக் காணலாம். ரோமானியர் காலத்தில் கட்டப்பட்டு, இன்றும் விளக்கெரியும் ஹெர்குலிஸ் கோபுரம் என்ற கலங்கரை விளக்கம் நகரப் பேருந்தில் சென்றுவிடக்கூடிய தொலைவில் இருக்கிறது. மேலே ஏற முடியாவிட்டாலும் அதன் அடிவாரத்துப் புல்வெளியிலிருந்து அட்லாண்டிக்கைப் பார்க்கலாம். ரயிலேறினால் அரை மணி நேரத்தில் சாந்தியாகோ தே கொம்போஸ்தெலா. சென்னையிலிருந்து வேளாங்கண்ணிக்கு நடப்பவர்களைப் போல, ஐரோப்பாவின் பல மூலைகளிலிருந்து வாரக்கணக்கில் நடந்து வரும் யாத்திரிகர்கள், முதுகுப் பையில் சிப்பி ஓட்டைத் தொங்கவிட்டபடி பேராலயச் சதுக்கத்தில் வந்து அமர்ந்து காலணியைக் கழற்றுவதைப் பார்ப்பதற்காகவே அங்கே போகலாம்.

காடிஸும் இறங்கி நடக்கும் ஊர்தான். முக்கால்வாசிப் பேர் அங்கிருந்து 120 கிலோமீட்டர் தள்ளியுள்ள செவில்லாவுக்கு ஓடிவிடுவதால் ஊர் அமைதியாக இருக்கும், தரையும் சமதளம். ஜூலை, ஆகஸ்டில் செவில்லாவின் வெயில் 40 டிகிரியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், அக்னி நட்சத்திரத்துக்குப் பயந்து சென்னையை விட்டு வந்தவர்கள் யோசித்துச் செல்வது நல்லது. பில்பாவோவில் கப்பல் நிற்பது நகரிலிருந்து விலகிய கெச்சோவில். 1997இல் திறந்த குக்கன்ஹைம் அருங்காட்சியகத்துக்கு மெட்ரோவில் போகலாம். வழியில், 1893இலிருந்து ஆற்றின் குறுக்கே மக்களையும் வண்டிகளையும் தொங்கு கூண்டில் வைத்து அக்கரை சேர்க்கும் பிஸ்காயா பாலத்தைத் தவறவிடக் கூடாது.

லிஸ்பனில் எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், கப்பல் உள்ளே நுழைவதைப் பார்க்க வேண்டும். பெரும்பாலான கப்பல்கள் விடியற்காலையில் தேஜோ நதிக்குள் நுழைகின்றன. நேரத்தை முந்தைய இரவே கேட்டு வைத்துக்கொண்டு, மேல்தளத்தின் இடப்பக்கம் போய் நின்றால், பெலெங் கோபுரமும் ஜெரோனிமோஸ் மடாலயமும் ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து செல்லும். சற்று நேரத்தில் ‘ஏப்ரல் 25’ பாலம் எதிரே வரும். புகைபோக்கி இடித்துவிடும் என்றே தோன்றும், இடிக்காது. பாலத்தின் இரும்புக் கிராதித் தளத்தில் வாகனங்கள் ஓடும்போது எழும் தேனீக்கூட்டம் போன்ற ரீங்காரம் கப்பல் கடக்கும்வரை தலைக்கு மேல் கேட்டுக்கொண்டே இருக்கும். மேல்தளத்தில் நின்றிருந்த அத்தனை பேரும் பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள்.

கப்பல் முனையம் அல்ஃபாமா குன்றின் அடிவாரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நதிக்கரையோரமாகவே சமதளத்தில் நடந்தால், 1755 நவம்பர் 1ஆம் தேதி நிகழ்ந்த பெரும் நிலநடுக்கத்துக்குப் பின் நேர்நேர் தெருக்களாகத் திட்டமிட்டுக் கட்டிய பகுதியை அடையலாம். 15ஆம் எண் டிராம் பெலெங்குக்குச் செல்கிறது. அங்குள்ள ஜெரோனிமோஸ் மடாலயத்தின் தேவாலயத்துக்குள் வாஸ்கோ ட காமாவின் கல்லறை இருக்கிறது. 1497 ஜூலையில் இந்த நதிமுகத்திலிருந்து புறப்பட்டவர் மறு ஆண்டு மே மாதம் கோழிக்கோட்டை அடைந்தார். கால் நூற்றாண்டு கழிவதற்குள் போர்ச்சுகீசியர் நம் சாந்தோமுக்கே வந்துவிட்டார்கள். தமிழ் முதன்முதலில் அச்சேறியதும் இந்த லிஸ்பனில்தான்: 1554இல், ரோமன் எழுத்துகளில், போர்ச்சுகீசிய மொழியோடு சேர்த்து. மயிலாப்பூரில் வாழ்ந்தவர்களுக்கு இந்த ஊரில் நிற்பது முற்றிலும் அந்நிய இடத்தில் நிற்பதாக இராது. மடாலயத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதை மட்டும் பயணத் திட்டத்தோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

28ஆம் எண் டிராமைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். அதில் நிற்கவே இடம் கிடைப்பதில்லை, பிக்பாக்கெட் தொல்லையும் உண்டு, நான் தவிர்த்துவிடுவேன்.

கடல் எப்படி இருக்கும்? தலைசுற்றல், வாந்தி வருமா?

அட்லாண்டிக் வங்கக் கடலைப் போன்றதன்று. சவுத்தாம்ப்டனிலிருந்து வடக்கு ஸ்பெயினுக்குச் செல்லும்போது, இரண்டு இரவும் ஒரு முழுப் பகலும் பிஸ்கே விரிகுடாவைக் கடப்பதிலேயே போய்விடும். திறந்த அட்லாண்டிக்கில் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தூரம் காற்றால் உந்தப்பட்டு வரும் அலைகள் தடையின்றி இங்கே நுழைகின்றன. கடல் தரையும் சில நூறு மீட்டர் ஆழத்திலிருந்து 4,000 மீட்டருக்கும் கீழே திடீரெனச் சரிவதால், அலைகள் அந்த விளிம்பில் முரட்டுத்தனமாக எழும்புவதுண்டு. அதனால்தான் குளிர்காலத்தில் இந்த விரிகுடாவுக்குக் கெட்ட பெயர். மே முதல் செப்டம்பர் வரை பெரும்பாலும் சாதுவாகவே இருக்கும். எங்களைக் கேட்டால் ஜூன் அல்லது செப்டம்பர். ஜூனில் வட ஸ்பெயினில் இரவு பத்து மணி வாக்கில்தான் சூரியன் மறைகிறது. இரவு உணவை முடித்துவிட்டு வந்தும் வெளிச்சத்தில் உலாவலாம்.

பெரிய கப்பல்களில் ஆட்டத்தைக் குறைக்கும் துடுப்புகள் இருக்கின்றன. இருந்தும் ஆடினால், கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில், தொடுவானத்தைப் பார்த்தபடி அமர்வதே சிறந்த வைத்தியம். அவோமின் போன்ற மாத்திரைகள் தூக்கக் கலக்கத்தைத் தரும். புரோஸ்டேட் வீக்கமோ கண் நீர் அழுத்தமோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் போட்டுக்கொள்ளக் கூடாது. பையில் கொஞ்சம் சுக்கு மிட்டாய் இருக்கட்டும்.

கடலில் இருந்தே பழக்கமில்லாதவர்கள் முன்னோட்டமாக ஒரு குறுகிய பயணம் செய்து பார்ப்பது புத்திசாலித்தனம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்தே கார்டெலியா சுற்றுலாக் கப்பல் சேவை தொடங்கியது. அத்தகைய கப்பல் இங்கிருந்து புறப்படும் பருவத்தில் இரண்டு மூன்று இரவுகள் சென்று வந்தால், உடம்பு ஏற்றுக்கொள்கிறதா என்பது தெரிந்துவிடும்.

எத்தனை விசா வாங்க வேண்டும்?

சவுத்தாம்ப்டனில் ஏறுவதானால் இரண்டு: பிரிட்டனுக்கு ஒன்று, பிரான்ஸ், ஸ்பெயின், போர்ச்சுகலுக்குச் சேர்த்து ஷெங்கன் விசா ஒன்று. ஒன்று இருந்தால் மற்றொன்று வேண்டாம் என்பது தவறான நம்பிக்கை.

ஷெங்கன் விசாவை எந்த நாட்டிடம் கேட்பது என்பதில்தான் கப்பல் பயணிகளுக்குக் குழப்பம். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாட்டிடம். கப்பல் நிறுவனம் தரும் துறைமுகவாரியான அட்டவணையை அச்சிட்டு, ஒவ்வொரு நாட்டிலும் எத்தனை நாள் என்பதைப் பென்சிலால் குறித்து விண்ணப்பத்தோடு இணைத்தால் கேள்விகள் குறையும். பலமுறை நுழையும் வசதியுள்ள விசாவையே கோருங்கள். வழியில் ஜிப்ரால்டர் அல்லது கெர்ன்சித் தீவு போன்ற ஷெங்கனுக்கு வெளியே உள்ள இடங்கள் வந்தால் அது கட்டாயமாகிவிடும். அந்த இடங்களுக்கான தனி அனுமதி விதிகளைக் கப்பல் நிறுவனத்திடம் எழுத்து மூலமாகக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கான கட்டணம் 90 யூரோ. விண்ணப்ப மையத்தின் சேவைக் கட்டணம் தனி. ஓய்வூதிய ஆணை, வங்கிக் கணக்கு விவரம், வருமான வரிக் கணக்கு, சொந்த வீட்டின் ஆவணம் ஆகியவை, நாம் திரும்பி வந்துவிடுவோம் என்பதற்கான சான்றுகளாகப் பயன்படும். கோடையில் விண்ணப்ப மையத்தில் முன்பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு. ஜூன் பயணத்துக்குப் பொங்கல் முடிந்ததுமே வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

மருத்துவக் காப்பீடும் மருந்துகளும்?

ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மதிப்பிலான காப்பீடு வேண்டும். ஆனால் அது விசா அதிகாரிக்கான தொகை, நமக்கானதன்று. கப்பலில் உள்ள மருத்துவமனை தனியார் கட்டணத்தில் இயங்குகிறது. பில் நம் அறைக் கணக்கில் ஏறிவிடும், பிறகு நாம்தான் காப்பீட்டு நிறுவனத்திடம் கேட்டுப் பெற வேண்டும். நடுக்கடலிலிருந்து ஹெலிகாப்டரில் கரைக்கு எடுத்துச் செல்லும் நிலை வந்தால் செலவு எங்கோ போய்விடும். ஆகவே அவசர வெளியேற்றமும் கப்பல் பயணமும் பாலிசியில் அடங்குகின்றனவா என்பதைப் படித்துப் பாருங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம், ஸ்டென்ட் ஆகிய எதையும் மறைக்காதீர்கள். பிரீமியம் கூடினாலும் சொல்லிவிடுவதே நல்லது, சொல்லாமல் விட்ட நோய்க்குப் பணம் வராது.

மருந்துகளைக் கைப்பையில் மட்டுமே வைக்க வேண்டும். கப்பலில் ஏறும்போது பெட்டிகளை வாங்கிக்கொண்டு போய், மாலையில்தான் அறை வாசலில் வைப்பார்கள். இன்சுலினை விமானத்தின் சரக்குப் பகுதியில் போட்டால் உறைந்து வீணாகலாம். நம் ஊர் மாத்திரைகளின் வணிகப் பெயர் அங்கே யாருக்கும் தெரியாது என்பதால், மூல மருந்தின் பெயரை எழுதிய மருத்துவர் சீட்டு அவசியம். கப்பல்களில் பரவி வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் நோரோவைரஸுக்குச் சானிடைசர் அவ்வளவாகப் பலன் தராது. சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும்.

நாங்கள் சைவம். பட்டினி கிடக்க நேருமா?

நேராது. முன்பதிவின்போதே சைவ உணவு என்று பதிவு செய்துவிட்டு, ஏறிய முதல் நாளே உணவகத் தலைவரைப் பார்த்துச் சொல்லிவிட்டால், மறுநாளிலிருந்து தால், சாதம், ஒரு காய் என்று செய்து கொடுப்பார்கள். முட்டை சாப்பிடுவதில்லை என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டும், அவர்கள் கணக்கில் முட்டை சைவம். பல கப்பல்களின் சமையலறையில் நம் நாட்டவர் வேலை செய்கிறார்கள். அவர்களில் ஒருவர் கண்ணில் பட்டுவிட்டால் பச்சை மிளகாய்க்குப் பஞ்சமில்லை. காலை பஃபேயில் சர்க்கரை சேர்க்காத தயிர் கிடைக்கும். மதியம் வெறும் சாதத்தில் அதைப் பிசைந்து, வீட்டிலிருந்து கொண்டுபோன ஊறுகாயைத் தொட்டுக்கொண்டபோது என் மனைவியின் முகத்தில் தெரிந்த நிம்மதியை லிஸ்பன்கூடத் தரவில்லை.

பருப்புப் பொடி, ஊறுகாய் போன்றவை கடையில் வாங்கிய, முத்திரை பிரிக்காத பாக்கெட்டுகளாக இருந்தால் சிக்கல் குறைவு. பால் பொருள்களையும் இறைச்சியையும் வெளியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் கொண்டுசெல்லத் தடை இருப்பதால் நெய்யை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். ரைஸ் குக்கர், தண்ணீரில் போடும் ஹீட்டர் காயில், அயர்ன் பாக்ஸ் எதையும் அறைக்குள் அனுமதிக்க மாட்டார்கள். கப்பலில் தீ விபத்துதான் பெரிய பயம். பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்து வைத்துக்கொள்வார்கள்.

எந்த அறையை எடுப்பது?

ஆட்டம் தெரியக் கூடாது என்றால் நடுப்பகுதி, கீழ்த்தளம். நடன அரங்குக்கு நேர் கீழே வேண்டாம். பால்கனி அறைக்குக் கூடுதல் பணம் கொடுப்பது இந்தக் குளிர்ந்த கடலில் அத்தனை லாபமில்லை. சன்னல் உள்ள அறை போதும் என்பது என் கருத்து, என் மனைவி இதில் உடன்படவில்லை.

மூட்டு வலி இருக்கிறது, சமாளிக்க முடியுமா?

கப்பலில் லிஃப்ட் இருக்கிறது, சிக்கல் கரையில்தான். லிஸ்பனிலும் போர்த்தோவிலும் நடைபாதைகளில் பதித்திருக்கும் சிறு கற்கள் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டவை, மழை பெய்தால் நன்றாகவே வழுக்கும். ரப்பர் அடி கொண்ட ஷூவும் மடக்கும் கைத்தடியும் தேவை. பயணத் திட்டத்தில் ‘டெண்டர்’ என்று குறித்திருக்கும் துறைமுகங்களில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. சிறு படகில் இறங்கிச் செல்ல வேண்டும். அலையில் ஆடும் படகில் கால் வைக்க இயலாதவர்களும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் அன்று கப்பலிலேயே இருக்க நேரிடலாம். கெர்ன்சி அத்தகையது.

கரையில் நேரமாகிவிட்டால் கப்பல் காத்திருக்குமா?

கப்பல் நிறுவனமே நடத்தும் சுற்றுலாவில் சென்றிருந்தால் பார்த்துக்கொள்வார்கள். நாமாகப் போயிருந்தால் காத்திருக்காது. இதில் கைப்பேசி ஒரு வம்பு செய்யும். ஸ்பெயினின் கடிகாரம் போர்ச்சுகலைவிட ஒரு மணி நேரம் முன்னால் ஓடுகிறது. வீகோவிலிருந்து லிஸ்பன் வந்ததும் கைப்பேசி தானாகவே ஒரு மணி நேரம் பின்னால் போய்விடும். கப்பலோ தன் கடிகாரத்தை மாற்றாமல் இருக்கலாம். கைப்பேசியில் நான்கு மணி என்று பார்த்து நிதானமாகக் காப்பி குடித்துக்கொண்டிருப்பீர்கள், கப்பலில் ஐந்தாகி ஏணியை எடுத்திருப்பார்கள். சாவி கொடுக்கும் பழைய கைக்கடிகாரம் ஒன்றைக் கட்டிக்கொண்டு, கப்பல் நேரத்துக்கு மட்டுமே அதைத் திருப்பி வைப்பது நல்ல வழி.

கடலில் கைப்பேசி வேலை செய்யுமா?

செய்யும், அதுதான் ஆபத்து. கரையை விட்டு நகர்ந்ததும் கைப்பேசி கப்பலின் செயற்கைக்கோள் இணைப்பைப் பிடித்துக்கொள்ளும். நாம் இங்கே வாங்கிய ரோமிங் பேக் பெரும்பாலும் அதற்குப் பொருந்தாது. ஏறியவுடன் விமானப் பயன்முறைக்கு மாற்றிவிட்டு, தேவையென்றால் கப்பலின் வைஃபையை வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் எப்படிக் கட்டுவது? டிசிஎஸ் என்று பிடிக்கிறார்களே?

கட்டணம் பொதுவாக ஓர் அறையை இருவர் பகிர்வதாக வைத்துத் தலைக்கு இவ்வளவு என்று சொல்லப்படும். விமானம், விசா, காப்பீடு, கரைச் சுற்றுலா ஆகியவை தனி. பல கப்பல்களில் பணியாளர் அன்பளிப்பும் நாள்தோறும் தலைக்கு இவ்வளவு என்று அறைக் கணக்கில் ஏறும். இங்குள்ள முகவர் மூலம் வெளிநாட்டுச் சுற்றுலாத் தொகுப்பாக வாங்கும்போது டிசிஎஸ், அதாவது விற்பவரே வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி, பிடிப்பார்கள். அதன் விகிதம் பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறுகிறது. அது செலவல்ல, முன்கூட்டிக் கட்டிய வரி. உங்கள் பான் எண்ணுக்குரிய வரி விவரப் படிவத்தில் வந்திருக்கிறதா என்று பார்த்து, வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளவோ திரும்பப் பெறவோ செய்யலாம். கணவன் மனைவி இருவருக்கும் ஒருவர் பெயரிலேயே கட்டினால் அவர் கணக்கில்தான் சேரும்.

உடை?

புடவையும் வேட்டியும் தாராளமாகப் போதும். அலங்கார இரவுகளில் பட்டுப் புடவைக்கு மிஞ்சிய மரியாதை எந்தக் கோட்டுக்கும் கிடைக்கவில்லை. மேல்தளத்துக் காற்றுக்குக் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் வேண்டும்.

பாதுகாப்புப் பயிற்சிக்குப் போகாமல் அறையில் படுத்துக்கொள்ளலாமா?

கூடாது. 2012 ஜனவரியில் இத்தாலியக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்த பிறகு, கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ பயணிகள் அனைவருக்கும் இந்தப் பயிற்சி நடந்தாக வேண்டும் என்று விதி கடுமையானது. ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் எந்த இடத்தில் கூட வேண்டும் என்பதை இருவருமே தெரிந்துகொள்ளுங்கள். ‘அவருக்குத் தெரியும்’ என்று விட்டுவிட வேண்டாம்.

பயணம் முடியும் நாளில் கவனிக்க வேண்டியவை?

முந்தைய இரவே பெட்டிகளை அறைக்கு வெளியே வைத்துவிடச் சொல்வார்கள். மறுநாள் உடுத்த வேண்டிய துணி, மருந்து, கடவுச்சீட்டு மூன்றையும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். காலையில் இறங்கும் அன்றே பிற்பகலுக்கு முன் விமானம் பிடிக்கத் திட்டமிட வேண்டாம். சவுத்தாம்ப்டனிலிருந்து ஹீத்ரோ சுமார் 100 கிலோமீட்டர், சாலை நெரிசலைச் சொல்ல முடியாது. ஏறும்போதும் இதே கணக்குதான்: சென்னையிலிருந்து ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேர்ந்துவிடுவது நல்லது. இலையுதிர்காலப் பயணமாக இருந்தால், மத்திய அரசு ஓய்வூதியர்கள் நவம்பரில் கொடுக்க வேண்டிய வாழ்நாள் சான்றிதழையும் நினைவில் வையுங்கள். 80 வயதைக் கடந்தவர்கள் அக்டோபர் முதல் தேதியிலிருந்தே கொடுக்கலாம். மற்றவர்கள் திரும்பி வந்ததும் கைப்பேசியில் முகம் காட்டி முடித்துக்கொள்ளலாம்.